சத்தமில்லா மழைக்கு ஒரு விருது

ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் மழைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகி நனைய வேண்டுமென்றால் மேலே குழாய் கட்டி மழை பெய்ய வைப்பது அவர் வேலை. முதலில் நனைவதும் அவரே. சொந்தக் கல்யாணப் படத்திலேயே தலை ஈரம். படப்பிடிப்பிலிருந்து நேரே ஓடி வந்த கோலம். அதற்குப் பிறகும் எந்தக் குடும்பப் படத்திலும் அவர் காய்ந்து நின்றதில்லை.

"காஞ்ச தலையோட ஒரே ஒரு படம். வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?" என்பாள் மனைவி.

சினிமா மழை போடும் சத்தத்தில் வசனம் கேட்காது. ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொள்வார். மழைக்காரர் பழைய மெத்தைகளைக் கிழித்து, ஸ்பாஞ்சைக் குழாய்த் துளைகளில் தொங்கவிட்டார், தரையிலும் பரப்பினார். மழை பூனை மாதிரி இறங்கியது.

திரைத்துறையில் புதுமைக்கு அரசாங்கம் விருது அறிவித்ததும் விண்ணப்பம் போட்டது மச்சான். மனைவியின் தம்பி, மழைக்கு வால்வு திறப்பவர். டைரக்டர் "விடு!" என்றால் திறந்துவிடுவார். சாப்பிடும்போது அக்கா, "அந்தப் பேச்சை விடு" என்றால்கூட அவர் கை தானாக ஒரு சுற்று சுற்றும்.

விருது கிடைத்தே விட்டது. இரவல் கோட்டு வந்தது.

"இன்னைக்குத் தண்ணிப் பக்கமே போகக்கூடாது. குடிக்கிறதுக்குக்கூட நான்தான் ஊத்துவேன்" என்றாள் மனைவி.

ஏற்பாடு இதுதான்: விருது கொடுத்து, படம் எடுத்து, எல்லோரும் கீழே இறங்கியபின் அமைச்சர் "விடு" என்பார். காலி மேடையில் மழை பெய்யும். திரைக்குப் பின்னால் மச்சான் வால்வும் கையுமாக நின்றார்.

அமைச்சர் கேடயத்தை நீட்டினார். முதல் வரிசையில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் தலைகாட்ட அதிகாரிகள் முண்டியடித்ததில் போட்டோக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

அமைச்சர் மைக்கிலேயே கத்தினார்: "யோவ், போட்டோக்காரரை விடுங்கய்யா! விடு, விடு!"

மழை இறங்கியது. அமைச்சரின் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"பாத்தீங்களா ஐயா, சத்தமே வரல!" என்றார் மழைக்காரர், தன்னை மறந்து.

போட்டோக்காரர் அந்த நொடியில்தான் அமுக்கினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "மாமா, நல்லா விழுதா?"

படம் இப்போது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தது மனைவிதான்.

"காஞ்ச தலை வேணும்னு கேட்டியே?" என்றார் மழைக்காரர் தயங்கியபடி.

"போகட்டும் விடுங்க. இந்தத் தடவை துணைக்கு ஒரு மந்திரியும் நனைஞ்சிருக்காரே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானின் கை ஒரு சுற்று சுற்றியது.