தண்ணிக்கு முந்தி கரையேறின முருகன்

ஏட்டி பாத்திமா, போன் கேக்குதா? எங் கோழிய அடச்சிட்டியா? நல்லது. இதக் கேளு, ஆத்துக்குள்ள இருக்க நம்ம குறுக்குத்துறை முருகன் மழைக்குப் பயந்து கரை மேல இருக்க மேலக் கோயிலுக்கு ஏறிட்டாராம்! மவளப் பாக்க ஏரலுக்குப் போறேன்லா, டவுன்ல பஸ் நிக்குது. கோயில் பூக்காரி இங்கன ஏறுதா.

"ஏட்டி, தண்ணி கோயில் படிக்கட்டுக்கே வரலியே, அதுக்குள்ள ஏன் சாமியத் தூக்குதாவ?"ங்கேன்.

"முன்ன ஒருநா பேஞ்சா மறுநா மழ விட்டு வெறிக்கும் ஆச்சி. இப்பம் நாள்கணக்கால்லா விடாம ஊத்துது. தண்ணி ஏறின பொறவு தூக்க முடியாது"ங்கா.

 மவ வீடு ஆத்தங்கரையில, கைப்பிள்ளக்காரி வேற. போன்ல, "தண்ணி ஏறட்டும், கெளம்புதேன்"னு சிரிக்கா. முருகனுக்கே பயம், இவளுக்கு இல்ல பாரு! நான் போயி இழுத்துட்டு வந்தாத்தான் உண்டு.

நீ போன வை, பஸ்ஸுக்குள்ள தண்ணி வருது. பிள்ளைக்குத் தச்ச சட்டையெல்லாம் கீழ பையில கெடக்கு, தூக்கி மடியில வச்சுக்கிடுதேன்.