செத்த எலியைத் தேடிய லயம்

றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பேச்சியம்மாள் கையில் விழாத பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு பிரசவம் பார்ப்பாள். கையைவிட வாய்க்குத்தான் பேர் அதிகம். "ஆஸ்பத்திரிக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரே அதட்டில் கங்காணியையே திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவளுடைய வைத்தியமெல்லாம் மூக்கில் இருந்தது. பிள்ளை பெற்றவளின் துணியைத் தினமும் முகர்ந்து பார்த்து, "சுத்தமா இருக்கு, கவலப்படாத" என்று தீர்ப்புச் சொல்வாள். ஆனால் மூக்குப்பொடி போட்டுப் போட்டு அந்த மூக்கு என்றோ மரத்துப்போயிருந்தது. கருவாடு கருகினால்கூட அவளுக்குத் தெரியாது. இதை வெளியே சொன்னால் பேர் என்னாவது?

வீரய்யாவின் பெண்டாட்டி காளியாயிக்குப் பிள்ளை பிறந்தபோது கொஞ்சம் கிழிந்துவிட்டது. பேச்சியம்மாள் சாம்பலும் மஞ்சளும் குழைத்து அப்பினாள். சில நாளில் காய்ச்சல் கொளுத்தியது. துணியை முகர்ந்தாள், சுத்தம் என்றாள். அதற்குள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்க நாற்றம். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

பேச்சியம்மாளும் காற்றை நன்றாக இழுத்து, எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினாள். "எலி செத்துக் கெடக்குடி. கூரையப் பிரிச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். வீரய்யா கூரைத் தகரத்தின் மேல் ஏறினான். அரிசிப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், அடுப்பைப் பெயர்த்தார்கள். கூட்டைக் கலைத்ததில் கோழிகள் தேயிலைக்குள் ஓடின. உயிருள்ள எலிகள் நாலா பக்கமும் ஓடினவே தவிர, செத்தது ஒன்றும் அகப்படவில்லை.

தகரத்தைக் கழற்றியதில் காம்பராவுக்குள் வெயில் விழுந்தது. பேச்சியம்மாள் காளியாயியின் கம்பளியை விலக்கினாள். தொடை வீங்கி, தோல் கன்னங்கரேலென்று இருந்தது.

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் காளியாயி போய்விடுவாள்.

"எறங்குடா வீரய்யா! எலி சாகல, எம் மூக்குத்தான் செத்துப் பல வருசமாச்சு! நாத்தம் இவகிட்டேருந்துதான் வருது. கம்பளியில தூளி கட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்!"

ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை அறுத்தெடுத்தார்கள். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. லயத்தில் அம்மாக்கண்ணு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பேச்சியம்மாள் ஆஸ்பத்திரி வாசலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். பொடி டப்பா சாக்கடையில் கிடந்தது.

காளியாயி பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சியம்மாள் எந்தப் பிரசவத்துக்கும் அம்மாக்கண்ணு இல்லாமல் போனதில்லை. அம்மாக்கண்ணு துணியை முகர்ந்து முகம் சுளித்தால் போதும், "கம்பளியக் கொண்டாங்க!" என்று லயமே அதிரக் கத்துவாள்.

காளியாயி காலைத் தாங்கித் தாங்கி கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே கேட்பாள்: "என்னக்கா, எலி ஆம்புட்டுச்சா?"

கொழுந்துக்காரிகள் எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சியம்மாளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, காளியாயி மேட்டில் ஏறி முடிக்கும்வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.