ஒரு பை ரம்புத்தான்

என் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் மதியம், அப்பா ஒரு பை நிறைய ரம்புத்தானை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு செமோரிலிருந்து ஈப்போவுக்கு வந்து, நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் என் துறைத் தலைவியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

தலைவி என்னைக் கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. நேர்மையான சீனப் பெண்மணி. தேர்வுக் குழுவில் நானும் இருப்பதால் பழத்தை வாங்கிக்கொள்ள முடியாது, பொது மேசையில் எல்லாருக்குமாக வைத்துவிட்டேன், மேலிடத்துக்கும் தெரிவித்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழுவில் என் வேலையை அறிந்தவர் அவர் ஒருவர்தான். வருஷக்கணக்காக ஒப்பந்த விரிவுரையாளராகவே ஓட்டிவிட்டேன். இந்த முறை நிரந்தரம் ஆகாவிட்டால் ஒப்பந்தம் அதோடு சரி. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் வேலை தேட வேண்டியதுதான். அம்மா போனபின் அவருக்கு நான், எனக்கு அவர்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கத்தித் தீர்த்தேன். படிக்காத மனுஷனா நீங்கள், லஞ்சம் என்று சொல்ல மாட்டார்களா, என் மானமே போச்சு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா பழைய தோட்டத் தொழிலாளி. தோட்டத்தில் வேலைக்குச் சொல்லி வைக்க வேண்டுமென்றால் முதலில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியாரைப் பார்ப்பார்கள். வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை, ஒரு கோழியாவது கையில் இருக்க வேண்டும். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. அப்பாவுக்குக் கிராணியார் மட்டும் இன்னும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்.

"வேலையப் பத்தி நான் ஒன்னும் கேக்கல பாப்பா," என்றார் கடைசியில்.

பிறகு என்னதான் பேசினீர்கள் என்றேன்.

"எம்பொண்ணு சொன்ன வேலையெல்லாம் செய்வா, ஆனா தனக்குன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டா. நீங்களாப் பாத்து அவகிட்டக் கேளுங்கன்னு சொன்னேன். அவ்ளோதான்லா."

ஆய்வு மாணவர்களுக்கு நான் பட்டறை நடத்துகிறவள். வேலைக்குப் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்காதவரைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை என்று மைக் பிடித்துப் பேசுகிறவள். நானோ மற்றவர்கள் தள்ளிவிட்ட பாடத்தையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு, ஆய்வு விடுப்பு ஒன்றுகூடக் கேட்காமல் இருந்தேன். கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன் போல. ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்கு அப்பா வைத்த ரசத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் அப்பளத்தை என் தட்டில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எதிரே இருந்த மூன்று பேரும் எனக்கு அந்நியர்கள். பாடத்தைப் பற்றிக் கேட்டார்கள், கட்டுரைகளைப் பற்றிக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முடிவில், நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் நடுவில் இருந்தவர். இல்லை, நன்றி என்று சிரித்துவிட்டு எழுவதுதான் என் வழக்கம். அந்தச் சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அப்பா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தலைவியின் அறைக்கு மாடிப்படி ஏறியிருப்பாரே என்று நினைப்பு வந்தது. முட்டிவலிக்காரர்.

இருக்கிறது என்றேன். என் பாடச் சுமையைப் பாதியாகக் குறைத்தால் ஆய்வை முடித்துவிடுவேன், அதற்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவர்கள் என்னோடு நிஜமாகப் பேசத் தொடங்கினார்கள்.

வேலை நிரந்தரமான சேதியைச் சொன்னபோது அப்பா ரம்புத்தான் மரத்தடியில் கூட்டிக்கொண்டிருந்தார். தலைவி விலகிக்கொண்டதை நான் அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. உங்கள் பழத்தால்தான் கிடைத்தது என்றேன். அது ஒன்றும் பொய்யில்லை.

அப்பா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு இன்னொரு பை பறிச்சுத் தாரேன், கொண்டு போ. இப்ப ஒன்னும் சொல்லி வைக்க வேண்டியதில்ல. சும்மா குடு."