கணினிக்குப் பொட்டு வைத்த அதிகாரி

"தகவல் பாதுகாப்பு அதிகாரி: கணினிப் பாதுகாப்பில் ஆழ்ந்த தேர்ச்சியும் ஓயாத விழிப்பும் உடையவர்."

ஓசூர் சிப்காட்டில் விமான உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்று, 2009-இல் தன் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இப்படி எழுதிக் கொடுத்தது. அப்படி எழுதப்பட்டவர் மத்திகிரி கோவிந்தப்பன். கம்பெனி பஸ்ஸுக்கும் கேண்டீனுக்கும் பொறுப்பானவர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவரை எழுப்பவே தனியாக ஓர் அதிகாரி வேண்டும். வாடிக்கையாளர் அந்தப் பதவிக்கு ஒரு பெயர் கேட்டார். முதலாளி சுரேந்தர் கண்ணில் அப்போது பட்டவர் இவர்.

வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த உதிரிபாக வரைபடங்கள் எல்லாம் ஒரே கணினியில் இருந்தன. அவை வெளியே போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் தொழிற்சாலைக்கே பூட்டு.

ஆயுத பூஜை அன்று லேத்துக்குச் சந்தனம் வைத்த கையோடு கோவிந்தப்பன் அந்தக் கணினிக்கும் வைத்தார். பூஜை போட்ட ஆயுதம் மறுநாள்வரை வேலை செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. அணைத்தார், இணையக் கம்பியையும் பிடுங்கினார். ஆபீஸ் கணினிகளுக்குச் சந்தனம் போதவில்லை. அவை ஓடிக்கொண்டிருந்தன.

வரைபடப் பிரிவு சத்யப்ரியா பதறினாள்.

"அண்ணா, ஆன்டிவைரஸ் அப்டேட் இன்னிக்குதான் வருது. கம்பிய எடுத்தா எப்படி?"

"ஏம்மா, அது வருசம் பூரா என்னா பண்ணுது?"

"எல்லா ஃபைலையும் தொறந்து பாத்து காவல் காக்குது."

"அப்ப அதும் ஆயுதந்தான? ஒரு நாள் லீவு வுடு தாயி."

"வைரஸ் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

"நாந்தான அதிகாரி? சொல்லிக்கறன். நீ பொரி எடுத்துக்க."

அவள் சுரேந்தரிடம் முறையிட்டாள். சாமி விஷயத்தில் தலையிட அவருக்குத் துணிவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆன்டிவைரஸ் கம்பெனி மென்று விழுங்கி ஒப்புக்கொண்டது: ஆயுத பூஜை அன்று வந்த அந்த ஒரு நாள் அப்டேட்டுக்குள் மட்டும் ஏதோ ஓர் அரசாங்கத்தின் ஹேக்கர்கள் புகுந்திருந்தார்கள். எல்லா ஃபைலையும் திறக்க உரிமை பெற்றது ஆன்டிவைரஸ்தானே! பூட்டை உடைப்பானேன், வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டால் போதும். சந்தனம் கிடைக்காத கணினிகளிலிருந்து அந்த அரசாங்கம் அள்ளிக்கொண்டு போனது கேண்டீன் மெனுவையும், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பற்றிய புகார்களையும்.

வாடிக்கையாளரின் ஆள் பறந்து வந்தார். ஆபத்தை எப்படி முன்கூட்டியே அறிந்தீர்கள் என்று வியந்து கேட்டார்.

"பூஜைங்க சார், வேறொண்ணுமில்ல," என்றார் கோவிந்தப்பன்.

சத்யப்ரியா முகம் மாறாமல், "வருடாந்தரப் பாதுகாப்பு நடைமுறை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆர்டர் நிலைத்தது. தங்கள் கம்பெனிக் கிளைகளுக்கும் அந்த நடைமுறையை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார் வந்தவர்.

கோவிந்தப்பன் செய்தது: ஒரு கணினியை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தார்.