குளியலறையில் மயில்

எங்கள் பழைய குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி, முழங்கை வரை வெள்ளை சிமென்ட் அப்பிய ஒல்லி மனிதர். ஒவ்வொரு டைலையும் விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்ட பிறகே ஒட்டுவார்.

கையில் காசு குறைவு. அரக்கோணத்துக் கடையில் மிச்சம் கிடந்த டைல்ஸை, திருப்பித் தரக்கூடாது என்ற பேச்சில், மலிவாக வாங்கியிருந்தேன். கடைசிப் பெட்டியைப் பிரித்தால் அத்தனையும் தோகை விரித்த மயில்கள். பூஜை அறைக்கான டைல்ஸ்!

"இதைப் போய் குளிக்கிற இடத்துல எப்படிங்க ஒட்டறது?" என்றேன்.

மேஸ்திரி ஒரு மயிலைத் தட்டிக் கேட்டார். "நம்ம மலை மேல சாமிக்கு எதிர்ல இன்னா கீது? யானை தானே? மத்த ஊர்லதான் மயிலு. திருத்தணில அதுக்கு டூட்டி இல்லங்க. தாராளமா ஒட்டலாம்."

எங்கள் ஊர்க் கோயிலில் மயில் நிற்க வேண்டிய இடத்தில் யானை நிற்பது என்னவோ உண்மைதான். ஒட்டச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து சுவரைத் துடைக்கப் போனவர், நாள் முழுக்க செருப்போடு நின்ற அந்தக் குளியலறை வாசலில் செருப்பைக் கழற்றினார். துடைத்ததும், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன நியாயத்தில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் இடுப்பில் துண்டோடுதான் குளிக்கிறேன்.