மூன்று முறை பார்த்தும் இல்லாத காசநோய்

தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியதும், எனக்கு என்ன நோய் என்று நானே தீர்மானித்துவிட்டேன்: காசநோய். சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, மெலிவு. போதாததற்குச் சர்க்கரை வேறு. என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். மனைவியைத் தள்ளி உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மூன்று முறை சளியைப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. சளி கொடுக்கும் முறை எனக்குத் தெரியாதா? விடிந்ததும் வாய் கொப்பளித்து, நெஞ்சின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆனால் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் இருந்த வெள்ளைப் படலம் பெரிதாகிக்கொண்டே போனது. வார்டில் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. இனி வீடு திரும்புவேனா என்ற சந்தேகம் முதல்முறையாக வந்தது.

வார்டு டாக்டர் என் மகள் வயசுப் பெண். சிங்களத்தில் கேட்டார்: "அங்கிள், வயல், சேறு, மாணிக்கக் குழி, எதிலயாவது இறங்குவீங்களா?"

"இல்லை மிஸ். நான் ரிட்டயர் ஆன ஆள்."

பொய். வீட்டுக்குப் பின்னால் ஓடையோரம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரோடு சேர்ந்து மாணிக்கக் கல் தேடி ஒரு குழி தோண்டியிருந்தோம். தோட்டத்துக் காணி, அனுமதிப்பத்திரம் கிடையாது. மழைக்காலம் முழுக்க இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று, கல் கிடைக்குமா என்று கூடை கூடையாக மண்ணை அலசியிருக்கிறேன். குழியைப் பற்றிக் கேட்டால் "இல்லை" என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் பதில். கேட்பவர் பொலிஸா, டாக்டரா என்று நாக்கு பார்ப்பதில்லை.

கட்டிலருகே நின்ற மனைவிக்கு என்னைவிடச் சிங்களம் சரளம். "பொய் சொல்றாரு டொக்டர். குழிக்குள்ளயேதான் கெடப்பாரு. கால் பூரா வெடிப்பு" என்று போட்டுடைத்தாள். பிறகு என்னிடம் தமிழில்: "ஜெயிலுக்குப் போனா சோறு கொண்டாந்து தருவேன். செத்துப்போனா எங்கங்க கொண்டாறது?"

"நான் பொலிஸ் இல்ல அங்கிள்" என்று டாக்டர் சிரித்தார். உடனே இரத்தம் எடுத்து, ஆய்வுகூடத்தில் குறிப்பாக ஒரு கிருமியைத் தேடச் சொன்னார். முடிவு வருமுன்பே ஊசி மருந்தையும் மாற்றினார். சேற்றில் வாழும் கிருமி அது. நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். சர்க்கரைக்காரர்களைத் தேடிப் பிடிக்கும். காசநோய் மாதிரியே வேஷம் போடும். என் சேவைக் காலத்தில் அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை. எத்தனை பேரைக் காசநோய் என்று எழுதி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க இன்றும் துணிவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் நினைத்தபடியே வந்தது. இரண்டாம் வாரம் காய்ச்சல் விட்டது. அதன்பின் வீட்டில் மூன்று மாதம் மாத்திரை. மருந்தைப் பாதியில் விட்டவர்களை வருடக்கணக்காகத் திட்டியவன் நான். உடம்பு தேறியதும் நானும் நிறுத்தப் பார்த்தேன். மனைவி விடவில்லை. "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

கடைசி எக்ஸ்ரேயில் தழும்பு மட்டுமே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, தோட்டத்து ஏற்றத்தில் நிற்காமல் நடந்தேன்.

"மெதுவாப் போங்களேன், எனக்கு மூச்சு வாங்குது" என்றாள் பின்னால் வந்தவள்.

அவள் வரும்வரை நின்றேன். அப்படிக் காத்து நிற்பது சுகமாக இருந்தது.