பாதி ஆட்டம், முழு விலை

ஓசூரில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரே தொழிற்சாலை, ஆனால் வேறு வேறு ஷிப்ட். கூட்டுச் சேர்ந்து வாங்கிய பழைய கேம் கன்சோலையும் ஷிப்ட் போட்டுத்தான் ஆடினோம். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் பிடிப்பாள். எது முடிந்தது, எது பாக்கி என்று, தொழிற்சாலை லைனில் ஷிப்ட் மாறும்போது எழுதுவது போலவே ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போவோம்.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்த டிராகன் ஆட்டத்துக்குக் கூடுதல் பாகம் ஒன்று வந்தது. முதல் ஆட்டத்துக்குக் கொடுத்த அதே விலை. எங்களில் மூத்தவரான தேன்கனிக்கோட்டை அக்கா முகத்தைச் சுளித்தார்.

"பாதி ஆட்டத்துக்கு முழு ரேட்டா? எவன் குடுப்பான்?"

நான் கொடுப்பேன் என்று சொல்லி அன்றே வாங்கியும் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு மாதத்தில் மூவரும் விலை தகும் என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் கன்சோலையே விற்றுவிடலாம் என்றும் சொல்லித் தொலைத்தேன். அக்கா விடுவாரா? மறுநாளே பாகலூரில் ஓர் ஆளைப் பிடித்து விலை பேசி, மாதக் கடைசி ஞாயிறு வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற எனக்கு அந்தக் கன்சோல் ஒன்றுதான் கொண்டாட்டம்.

இதில் எங்கள் சின்னவள் வேறு ஒரு காரியம் செய்தாள். தொழிற்சாலையில் ஒரு மாதம் கைபடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். அதே பழக்கத்தில் ஆட்டத்துக்குள் எங்கள் ஆயுதங்கள் இருக்கும் பையைச் சுத்தம் செய்து, உபயோகிக்காமல் கிடந்ததையெல்லாம் விற்றுவிட்டு, 'பை க்ளீன்' என்று நோட்டில் எழுதியிருந்தாள். நெருப்பைத் தடுக்கும் கேடயமும் அதோடு போயிற்று. கடைசியில் வரும் டிராகனோ நெருப்பைத்தான் கக்கும். விற்றதைத் திரும்ப வாங்க வழியில்லை. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

டிராகனோடு மோதும்போதெல்லாம் செத்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்தால், கூடுதல் பாகத்தைத் தொடவே மாட்டேன் என்றிருந்த அக்கா டிராகன் முன்னால் சும்மா நின்று செத்துக்கொண்டிருந்தார். கையில் போன், அதில் ஸ்டாப்வாட்ச். லைனில் எந்த வேலைக்கு எத்தனை செகண்ட் ஆகிறது என்று அளப்பதுதான் தொழிற்சாலையில் அவர் வேலை.

"நாலு செகண்டு ஊதுது. ரெண்டு செகண்டு மூச்சு வாங்குது. அந்த ரெண்டுல அடி," என்றார்.

கடைசி ஞாயிறு மூவருக்கும் லீவு. அக்கா சத்தமாக எண்ண, சின்னவள் எங்கள் உயிர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்க, நான் அடித்தேன். டிராகன் சரிந்தது. நாங்கள் குதித்த குதியில் கீழ்வீட்டு அம்மா மாடிக்கு ஓடிவந்து என்ன விழுந்தது என்று கன்னடத்தில் கேட்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சம்பளத்தன்றுகூட வந்ததில்லை.

சிறிது நேரத்தில் பாகலூர்க்காரர் பைக்கில் வந்து நின்றார். அக்காவே வாசலுக்குப் போனார். கொடுப்பதாக இல்லை, வந்த சிரமத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் விலையை ஏற்றிக் கேட்டும் அக்கா அசையவில்லை.

நான் சும்மா இருப்பேனா? விலை தகுமா தகாதா, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று நின்றேன். அக்கா என் கையிலிருந்த கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார்.

"தள்ளி உக்காரு. இப்ப நான் கொல்றேன்."